பத்து நாள்

வாங்கியவன் ஓசூரில் இருக்கிறான்.
வளர்ப்பவள் இங்கே மகாராஜநகரில்,
விடிகாலை ஐந்தேகாலுக்கு
வலது கையில் சங்கிலி,
இடது கையில் அள்ளுவதற்குப் பழைய தினத்தாள்.

லேப்ரடார் என்று சொல்லித்தான் விற்றானாம்
ஜங்ஷன் கடைக்காரன்.
வளர வளர வயிறு ஒட்டி, கால் நீண்டு,
மூக்கு மட்டும் அவன் சொன்னபடி வந்தது.
நிறத்தைப் பார்த்து பூஸ்ட் என்று பெயர்.

மேலப்பாளையத்துக் கோழிக்கழுத்தை
மஞ்சள் போட்டு அவித்து, எலும்பு களைந்து,
உப்பில்லாச் சோற்றில் பிசைந்து வைத்த பிறகுதான்
எனக்கு இட்லி.
எதிர்வீட்டு ருக்குமணி டீச்சர் கோலத்தில்
அது கால் தூக்கிய அன்று
நானே கழுவி, நானே புள்ளி வைத்தேன்,
அவள் பதினைந்துக்கு என் பதிமூன்று.
ஆனிச் சாரலுக்கு
தெருவே வேன் பிடித்துக் குற்றாலம் போனது.
எனக்கு சீட் இருந்தது.
நாய்க்கு இல்லை.

மகன் வீடியோவில் வருவான்:
"பூஸ்ட்டக் காட்டும்மா."
திருப்பிப் பிடிப்பேன்.
என் முகம் இருந்த இடத்தில் அதன் மூக்கு.

ஆடி முதல் செவ்வாய்.
காற்றடித்துக் கேட்டுக் கொண்டி விலகிவிட்டது
என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
கொண்டியைப் போடாதது நான்.

தோளில் சிலிண்டரோடு வந்த கோமதிநாயகத்துக்கு
காலை உதறவும் வழியில்லை.
கெண்டைச்சதையில் இரண்டு பல்.
சிலிண்டரை அவர் போட்டுவிடவில்லை.
மெதுவாக இறக்கி, நேராக நிறுத்திவிட்டுத்தான்
"ஏ யக்கா" என்றார்.

கால்மணி நேரம் குழாயடியில்
சோப்புப் போட்டு அவர் காலைக் கழுவினேன்.
கூச்சத்தில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்டு.
இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டு.
"கடிச்ச நாய் யாருது?"
வரிசையே திரும்பிப் பார்த்தது.
"என்னுது" என்றேன்.
ஓசூர் என்று சொல்ல வாய் வரவில்லை.

நாய்க்கு ஊசி போட்ட ராமையன்பட்டி அட்டை இருக்கிறது.
தேதிதான் நாலு மாசம் தப்பிவிட்டது.
"பத்து நாள் பாத்துக்கிடுங்க.
நாய் உயிரோட இருக்கணும்."

அன்றிலிருந்து ராத்திரி ஏழரைக்குப் போன் வரும்.
"யக்கா, நாய் எப்பிடி இருக்கு?"
"நல்லாருக்கு."
"தின்னுச்சா?"
"தின்னுச்சு."
"சரி."
எங்கள் வீட்டில் யாரும் யாரையும்
இவ்வளவு ஒழுங்காக விசாரித்ததில்லை.

ஜாமத்தில் எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன்,
வாயில் நுரை இருக்கிறதா, கண் வெறிக்கிறதா.
தூக்கத்தில் முகத்தில் வெளிச்சம் அடித்தால்
எந்த நாய்தான் வெறிக்காது?

ஆறாம் நாள் சோற்றை மோந்துவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டது.
"தின்னுச்சு" என்றேன் போனில்.
பிறகு தட்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
பதினொன்றரைக்கு எழுந்து வந்து நக்கியது.
நாலு மணி நேரம்தான் அது பொய்யாக இருந்தது.

பத்தாம் நாள் போன் வரவில்லை.
கேட்டுக்கு வெளியே ஒரு பெண்,
முந்தியை இடுப்பில் செருகி.
"நான் அவுக வீட்டுக்காரி.
அது தண்ணி குடிக்கத நான் பாக்கணும்.
அவுக சொன்னதயும் நம்பல,
நீங்க சொன்னதயும் நம்பல."

கிண்ணம் வைத்தேன்.
மூதிக்குத் தாகமில்லை.
வாலை ஆட்டிக்கொண்டு அவளையே பார்க்கிறது.
கம்பிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
ஒரு நாய்க்குத் தாகம் எடுக்கக்
காத்துக்கொண்டு நின்றோம்.
வேப்பம்பழுப்பு ஒன்று விழுந்து தண்ணீரில் சுற்றியது.
அதை மோந்தது.
பிறகு குடித்தது,
தெரு முழுக்கக் கேட்கிற சத்தத்தில்,
கிண்ணம் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டும்வரை.

அவள் ஓடைக்கல்லில் உட்கார்ந்தாள்.
முந்தியை உருவி முகத்தைத் துடைத்தாள்.
"சவத்த மூதி" என்றாள் அதனிடம்,
கொஞ்சுகிற மாதிரி.

இப்போதெல்லாம் கோமதிநாயகம்
தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக் கத்துகிறார்:
"யக்கா, கொண்டி?"
போட்டாச்சு என்று கத்திவிட்டு
எழுந்துபோய்
இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.