சேங்கொட்டைக் குறி

முகம் தெரியாது. தலையின் சுற்றளவு தெரியும்.
நெற்றி எந்தப் பக்கம் அதிகம் வியர்க்கும்,
இடது புருவம் எத்தனை முறை கிழிந்தது,
மூக்குத் துளையோரம் ரத்தம்
சனி ராத்திரியதா ஞாயிறுக் காலையதா
எல்லாம் துணி சொல்லிவிடும்.

மெக்சிகோ நீல ஆந்தை.
நியூ வோர்ல்டு பார்க் சுவரெல்லாம் அந்த வருஷம் அவன்தான்.
தமிழ் நோட்டீசில் ஒரு சுழி விட்டுப்போய்
‘அந்தை’ என்றிருந்தது.
எப்படி எழுதினாலும் வீட்டுக்கு ஆகாது என்று
மாமியார் கூடையை வாசலிலேயே இறக்கச் சொன்னாள்.

இரண்டு முகமூடி. ஒன்று போட, ஒன்று துவைக்க.
சூலியா தெரு ஓட்டல் மூட்டையோடு
வாரம் இருமுறை வரும், வண்ணான் துறைக்கு.
முதல் வாரமே சாயம் விட்டது.
ஹைனான் முதலாளியின் பதினோரு விரிப்பும் வானமாயின.
கூலியில் பிடித்தார்.
அதன்பின் தனித்தொட்டி.
போன நீலத்தை நீலம் போட்டே திருப்பினேன்:
வேட்டிக்கு ஒரு சொட்டு, ஆந்தைக்கு அரைக் கட்டி.

குறியில்லாத துணி துறையில் அனாதை.
கண்ணும் வாயும் ஓட்டையான ஒன்றில்
எங்கே குறிப்பது?
பிடரியில் வைத்தேன், கயிறு முடியும் இடத்துக்குக் கீழே,
சேங்கொட்டைப் பாலில் ஊசி தொட்டு
இரண்டு புள்ளி, ஒரு கோடு.

ஓட்டல் தலையணை உறைகள் குறையத் தொடங்கின.
கிடைத்தவற்றில் இரண்டிரண்டு ஓட்டை.
ஆற்றோரம் பூபாலனும் அசீசும் ஆ கியோங்கும்
மாறி மாறி ஆந்தையாகி மணலில் விழுந்தார்கள்.
யார் ஆந்தை என்பதற்கே பாதிச் சண்டை.
தோற்றவன் உறையைக் கழற்ற வேண்டும், அது சட்டம்.
எட்டு உறைக்கும் என் கூலிதான்.

அந்தச் சட்டம் அவனுக்கும் இருந்ததாம்.
ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை
மெடான் புலி கழுத்தை மடக்கிக் கயிற்றை அவிழ்த்தது.
பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்:
ரொட்டிக்காரன் மாதிரி இருந்தான்,
காது மட்டும் கொஞ்சம் பெரிசு.
‘இதுக்கா ரெண்டு வெள்ளி டிக்கெட்டு’ என்றார் என் வீட்டுக்காரர்.
நான் போகவில்லை. இஸ்திரி இருந்தது.

திங்கட்கிழமை மழை.
கொட்டகையில் ஒரு ஆள் வந்து நின்றான்,
எங்கே வைப்பதென்று தெரியாத முகத்தோடு.
தமிழ் இல்லை, மலாய் இல்லை, ரசீதும் இல்லை.
கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலத்தைக் காட்டினான்.
‘ரசீது இல்லாட்டி ராஜாவுக்கும் தரமாட்டேன்’ என்றேன்.
கொஞ்ச நேரம் மழையையே பார்த்தான்.
பிறகு திரும்பி நின்று
சட்டைக் காலரைக் கீழே இழுத்தான்.

கொப்புளம் ஆறிக் கறுத்த
இரண்டு புள்ளி, ஒரு கோடு.

சேங்கொட்டை தோலைச் சுடும்.
தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது,
என் விரல் நுனியெல்லாம் அந்தத் தழும்புதான்.
ஐந்து மாதம் எரிந்திருக்கும் அவனுக்கு.
ஓட்டலிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை.

தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டினேன்.
முகர்ந்து பார்த்துச் சிரித்தான்.
முன்பல் ஒன்று இல்லை, அதைத் துணி சொல்லவே இல்லை.
மடித்துக் கொடுத்ததை மாட்டிக்கொள்ளவில்லை.
சட்டைக்குள் வைத்து, மேலே கையையும் வைத்து
டிராலி பஸ் பக்கமாக நடந்தான்.
பாலம் தாண்டுவதற்குள் யாரோ ஆகிவிட்டான்.

பூபாலனுக்கு இப்போது பேரன்கள்.
என் வீட்டு உறைகள் பத்திரமாக இல்லை.

அவன் ஊரில் அவனை எப்படிப் புதைத்தார்களோ,
முகத்தோடா, நீலத்தோடா.
கடைசியாகக் குளிப்பாட்டியவர்கள்
ஒருமுறையாவது புரட்டியிருப்பார்கள்.
அங்கே எங்கள் ஆள் யாராவது நின்றிருந்தால்
குனிந்து பார்த்துச் சொல்லியிருப்பார்:
இது பினாங்குத் துறை வெளுப்பு,
செங்கமலம் கணக்கு.
தவறி இங்கே வந்திருக்கிறது.