ஆறு போதும் என்றவன்

விற்கும்போது ஒரே நிபந்தனை போட்டான் சிக்ஸ்டன்:
கம்பியில் கை வைக்காதே.
ஐம்பத்தொன்பதில் எப்படிப் பிறந்ததோ
அப்படியே ஓடட்டும் வோல்வோ.

ஆறு வோல்ட்.
அதில் எல்லாமே ஆறித்தான் வரும்.
சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்,
கொஞ்சம் யோசனை, இன்னொரு முனகல்.
வைப்பர் போய்த் திரும்புவதற்குள்
கண்ணாடி மறுபடி வெளுத்துவிடும்.
முகப்பு விளக்குகளோ
உடைத்து ஊற்றிய இரண்டு மஞ்சள்கருக்கள்,
பம்பரைத் தாண்டியதும் பரவி நின்றுவிடும்.

நவம்பரில், ஆர்விட்ஸ்யவுருக்கு வடக்கே,
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும்போது
அந்த மஞ்சளுக்குள் ஒரு பனிமான் வந்தது.
பார்த்ததும் இடித்ததும் ஒன்றுதான்.
ஆன்டே வந்து காதின் வெட்டுக்குறியைத் தடவிப் பார்த்து
"என்னுடையது இல்லை, தங்கையுடையது" என்றான்.
பிறகு விளக்கைப் பார்த்தான்.
"இதை வைத்துக்கொண்டா?"

ஆறு போதும், நீ மெதுவாகப் போனால்
என்றான் சிக்ஸ்டன், தொலைபேசியில்.

டிசம்பர் முழுக்கக் கொட்டகையில் கிடந்தேன்.
டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது.
பேட்டரி, காயில், ஹாரன், பல்புகள்.
ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவைத்தேன்;
தூக்கத்தில் தேள் கொட்டியதுபோல் துள்ளி எழுந்தது.
பழைய கம்பிகள் அப்படியே இருக்கின்றன.
ஆறுக்காகத் தடிமனாய் இழுத்தவை.
அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் பாதி;
கூட்டுக்குடும்பம் காலி செய்த வீட்டில்
மிஞ்சிய ஒரே ஆள்போல
மின்சாரம் கை வீசி நடந்தது.

கூரை விளக்கை மறந்துபோனேன்.
கதவைத் திறந்தேன்.
ஒரு நொடி
இருக்கையின் கிழிசல், ஒற்றைக் கையுறை,
சிக்ஸ்டன் விட்டுப்போன சில்லறை,
எல்லாம் வெள்ளை வெளேரென்று.
பிறகு கருகல் வாசனை.

ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
தூரத்து மரங்கள்கூட
கிளை கிளையாய்த் தெரிந்தன.
பெட்ரோல் முள் 'முழுசு' என்றது.
நாற்பது கிலோமீட்டர் கழித்தும் முழுசு.
அதற்கு ஒரு மின்தடை வைத்திருக்க வேண்டும்.
வைக்கவில்லை.
இரட்டிப்பாய் வாங்கிய முள்
இல்லாததையும் உண்டென்று சாதித்தது.
என்ஜின் இருமி நின்ற இடத்தில்
அரை கிலோமீட்டருக்கு வெளிச்சம் இருந்தது,
ஒரு சொட்டு எரிபொருள் இல்லை.

பேட்டரியை நினைத்து அணைத்தேன்.
இருட்டை நினைத்துப் போட்டேன்.
அந்தச் சாலையில் அழைக்க
ஒரே ஒரு எண்தான் இருந்தது.

வளைவில் இரண்டு மஞ்சள்கருக்கள் வந்தன,
அவன் விற்காமல் வைத்திருக்கும் சாம்பல் வண்டி.
கேனோடு இறங்கினான்.
திட்டட்டும் என்று நின்றேன்.
ஊற்றினான். மூடியைத் திருகினான்.
என் வெளிச்சத்தில் தன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எத்தனை ஓம் போடப்போகிறாய்?"

திரும்பும்போது முன்னால் போக மறுத்துவிட்டான்.
கண்ணாடியில் இரண்டு மங்கல் புள்ளிகள்
என் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தன.
நாற்பதுக்கு மேல் நான் மிதிக்கவில்லை.