இருநூறு மில்லி விநாடி

மூடித் திறந்தால்
என் பழைய லேப்டாப்பில் வைஃபை செத்துப்போகிறது.
டிரைவர் நிரலுக்குள் யாரோ எழுதிய குறிப்பு:
"இருபது ஏன் என்று தெரியாது. தொடாதே."
தொட்டேன். ஒரு பூஜ்யம் சேர்த்தேன்.

மேக்.

சுவா சூ காங், பதினோராம் மாடி, வாடகை அறை.
கடைசி ரயிலும் போனபின்
விசிறி மட்டும் இரைகிறது.
திரையில் கோப்புகள் ஓடுகின்றன:
என்னிடம் இல்லாத ஜாய்ஸ்டிக்,
எவரிடமும் இல்லாத டேப்.
எதைக் கழிப்பதென்று தெரியாததால்
எல்லாவற்றையும் போட்டுச் சமைக்கிறேன்.

ஒன்றரைக்குப் பிழை.
பூஜ்யம் போட்ட அவசரத்தில்
அரைப்புள்ளியைத் தின்றிருக்கிறேன்.

மறுபடி மேக்.

துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து வந்த செபஸ்தியான்
பூட்ஸைக் கழற்றியபடி கேட்டான்:
"இன்னுமா வேகல?"
பதில் வருமுன் தூங்கிவிட்டான்.
திடுமென எழுப்பினால்
தன் பெயர் நினைவுக்கு வரவே
அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நாலரைக்கு மூடித் திறந்தேன்.
ஒன்று, இரண்டு,
பிறகு மெல்ல மூன்றாவது கோடும்
எழுந்து நின்றது.

பழைய குறிப்பின் கீழே எழுதினேன்:
"இருநூறு. எனக்கும் தெரியாது.
எழுந்திருக்க நேரம் கேட்கிறது, கொடுங்கள்."

இதற்காக மறுபடி மேக் போடவில்லை.
குறிப்புகளைக் கம்பைலர் படிப்பதில்லை.