மணிக்கட்டு

ஸ்டான்லியில் எக்ஸ்ரே வராந்தா.
பதினோராம் நம்பர் டோக்கன் எனக்கு,
பன்னிரண்டு அவனுக்கு.
நடுவில் ஒரு போலீஸ்காரர்,
மடியில் தொப்பி, தொப்பிக்குள் பாதி தின்ற வடை.

என் மணிக்கட்டை உடைத்தவன் அவன்தான்.
காசிமேட்டு ஏலக்கூடத்துக்குப் பின்னால்,
விடிகாலை மூன்றரை, இறால் உரிக்கப் போகிற நேரம்.
போனைப் பிடுங்கினான். நான் விடவில்லை.
இழுத்த இழுப்பில் ஐஸ் தண்ணீரில் வழுக்கிக்
கையூன்றி விழுந்தேன்.
"சாரிக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினான்.
அந்த சாரியையும் எப்.ஐ.ஆரில் எழுதச் சொன்னேன்.
அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா என்றார் ரைட்டர்.

டில்லிபாபு.
எங்கள் கொட்டகைக்கு ஐஸ் தள்ளி வருகிறவன்.
பதினெட்டு ஆகாதவனுக்கு வேலை இல்லை என்று
போன வருஷம் ஐஸ் பேக்டரியில் சொன்னபோது
மாமன்காரன் ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனான்.
போகும்போது பதினாறு,
திரும்பும்போது பதினெட்டு.
இரண்டு வருஷம், முந்நூறு ரூபாய்.

இப்போது அந்த இரண்டு வருஷத்தைத்
திருப்பிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள்.
பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர் வெள்ளத்தில் கூழாகிவிட்டது.
பிறந்தது வீட்டில், சிமெட்டரி ரோட்டுச் சந்தில்.
"கடலு உள்ள வந்துச்சே, அதுக்கு மூணாவது ஆடி"
என்கிறாள் அவன் அம்மா நாகபூஷணம்.
கடலும் ஆடியும் செல்லாதாம்.
எலும்பைக் கேட்டுச் சொல் என்று அனுப்பியிருக்கிறார்கள்.
பதினெட்டுக்கு மேலென்றால் புழல்.
கீழென்றால் கெல்லீஸ்.

நேற்று ராத்திரி என் வீட்டுக்கு வந்தார்கள்.
ஐந்து பேர், ஒரு மஞ்சள் பை.
இருபத்தைந்தாயிரம், கவர் பிரிக்காத புது போன்,
தவறிப்போய் உள்ளே விழுந்திருந்த
நாகபூஷணத்தின் கம்மல் அடகுச் சீட்டு.
"ஸ்டேஷன்லயும் பேசியாச்சு.
கோர்ட்டுன்னா பத்து தபா நடக்கணும்,
பத்து நாள் கூலி போவும்,
உனக்கு இன்னாத்துக்கு சகாயமேரி"
என்றார் சங்கத்து ஆள்.
நியாயமான பேச்சுதான்.
இரண்டு மாச வாடகை காலண்டரில்
வட்டம் போட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசித்தார்கள்:
'நானாகவே வழுக்கி விழுந்தேன். யாரும் காரணமில்லை.'
எழுதுற கை மாவுக்கட்டுல இருக்கே என்றேன்.
இடது பெருவிரல் போதும் என்று
மைப்பெட்டியைத் திறந்தான் மாமன்காரன்.
வரும்போதே வாங்கி வந்திருக்கிறான்.

நடந்ததை நடக்கலைன்னு எழுத மாட்டேன்,
நடந்ததுக்கு இன்னா செய்யலாம்னு பேசறதுன்னா
உட்காருங்க என்றேன்.
யாரும் உட்காரவில்லை.
நாகபூஷணம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்,
வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

"உனக்கு இன்னா வயசுடா?"
போலீஸ்காரரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"எந்த வயசுக்கா சொல்லணும்?"

உள்ளே போய்க் கையை நீட்டிவிட்டு வந்தேன்.
இன்னும் சேரல, மூணு வாரம் ஆகும் என்றார்கள்.
அவனிடமும் அதைத்தான் பார்ப்பார்களாம்,
சேர்ந்துவிட்டதா இல்லையா என்று.
வளர்கிற கையில் ஒரு கோடு திறந்திருக்குமாம்,
வளர்ந்து முடிந்தால் மூடிக்கொள்ளுமாம்.
"அதுலயும் ஒண்ணு ரெண்டு வருசம் முன்ன பின்ன வரும்"
என்றார் போலீஸ்காரர், வடையை முடித்துவிட்டு.

என் எலும்பு சேரட்டும் என்று
ராயபுரம் கோயிலில்
இருபது ரூபாய் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.
அவனுடையது சேராமல் இருக்கட்டும் என்று
அதே பீடத்தில் இன்னொன்று வைத்தால்
மாதா எதைக் கேட்பாள்?
அந்த இருபது ரூபாயை நான் யாரிடம் கேட்பது?

"பன்னெண்டு" என்று கூப்பிடுகிறார்கள்.
எழுந்திருக்கிறான்.
பலகையில் என் உள்ளங்கைச் சூடு ஆறியிருக்காது.
அதன்மேல்தான் அவன் கையை விரிக்க வேண்டும்.