வளை

என்ன வளர்க்கிறாய் எண்டு கேட்டால்
ஒரு ஓட்டை எண்டுதான் சொல்லவேணும்.

பழைய மீன்தொட்டி. முக்கால் உயரத்துக்குச் செம்பாட்டு மண்.
மூலையில் கவிழ்த்த சிரட்டை,
அதன் ஓரத்தில்
என் பெருவிரல் போகக்கூடிய ஒரு வட்டம்,
வாசலைச் சுற்றி வெள்ளைப் பட்டுக் கரை.
காட்ட இவ்வளவுதான் இருக்கு.

கோண்டாவிலில் தண்ணிக்குழாய்க்கு வெட்டின கிடங்கில்
மண்வெட்டி பிளந்த வளையிலிருந்து விழுந்தது.
வெட்டினவன் செருப்பைக் கழற்றினான்.
நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து மூடினேன்.
சோறு முழுக்க வீதியில்.
விசர் பிடிச்சிட்டுதோ எண்டான் அனிஸ்ரன்.
புலிமுகச் சிலந்தி எண்டு பேர்.
புலியையும் காணேல்லை, முகத்தையும் காணேல்லை.
மண்ணிறத்தில் ஒரு பதற்றம்,
அதுக்கு எட்டுக் கால்.

எனக்குத் தொழில் போன் திருத்துறது.
கஸ்தூரியார் வீதியில், படிக்கட்டுக்குக் கீழே, மேசையளவு கடை.
அரிசியில் பாதிச் சில்லுகளை
மூச்சடக்கி எடுத்து வைக்கிற சாவணத்தால்தான்
கரப்பத்தானும் கொடுக்கிறது.
கை நடுங்காது.
ஆனால் மூடியில் நகம் பட்ட சத்தத்துக்கே
ஆள் இல்லை.
ஓடினது எண்டும் சொல்லேலாது,
ஓடுறதைக் கண்டால்தானே.
இருந்தது.
இல்லை.

வீட்டுக்காரர் தெய்வேந்திரம் ரோச்சோடு வந்தார்.
பத்து நிமிசம் குந்தியிருந்து பார்த்தார்.
"வெறும் மண்ணுக்கு ஏன் தம்பி மூடி?"
பிறகு, எழும்பும்போது,
"பங்கர் மாதிரிக் கிடக்கு."
"இல்லை ஐயா. இதை அதுவாத்தான் தோண்டினது.
ஒருத்தரும் உள்ள போ எண்டு கத்தேல்லை."
அவர் ரோச்சை நூர்த்தார்.
இருட்டில் கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தபடி நிண்டோம்.

எலி வளையானாலும் தனி வளை எண்டு சொல்லுவினம்.
எட்டு வருசத்தில் எனக்கு இது ஆறாவது அறை.

ஆவணியில் வாசலை அடைத்துக்கொண்டது.
வலையும் மண்ணும் குழைத்து,
கொத்தன் பூசின மாதிரி ஒரு மூடி.
மூன்று நாளைக்கு ஒருக்கால் கரண்டியால் தண்ணி விட்டேன்.
போட்ட கரப்பத்தான் தொட்டிக்குள்ளேயே கிழடாகிச் செத்தது.
முப்பது நாள். நாற்பது.
கிண்டிப் பார் எண்டான் அனிஸ்ரன்.
கிண்டினால் இருக்கும், பிறகு இராது.

கறண்ட் போன ஒரு இரவு
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
வாசல் திறந்து கிடந்தது.
வெளியே, கால் எட்டும் மடங்கி, அது.

சாவணத்தால் தூக்கினேன்.
பாரமே இல்லை.
செத்த உடம்பு இப்படி மூச்சுக்கு ஆடாது.
முதுகு, பின்மூடி கழன்ற போன் மாதிரி,
உள்ளே ஒரு பாகமும் இல்லை.
பல்லைக்கூடக் கழற்றி விட்டிட்டுப் போயிருந்தது.

அடுத்த நாள் கடையில்
சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போட்டு,
வயிற்றுத் தோலின் சுருக்கத்தை ஊசியால் நீவி
நுண்ணோக்கியின் கீழே விரித்தேன்.
எட்டுக் கண்ணின் கண்ணாடிகள்.
நாலு நுரையீரல் மடிப்பு.
சார்ஜ் ஏறுதில்லை எண்டு நிண்ட பெட்டை
எட்டிப் பார்த்து, "இதென்ன போன் அண்ணா?" எண்டாள்.
ஒரு வருசமாக ஒரே கூரைக்குக் கீழே.
முழுசாகப் பார்த்தது இண்டைக்குத்தான்,
உள்ளே ஆள் இல்லாதபோது.
முன்மடிப்பு இரண்டுக்கும் நடுவில்
ஒரு சின்னப் பை இருந்தது.
கடுகளவும் இல்லை.
குவியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பைதான்.

பத்து நாள் தீன் போடவில்லை,
புதுப்பல் இறுகவேணும்.
பதினோராம் நாள் ஒரு கரப்பத்தான் விட்டேன்.
விடிய அதைக் காணேல்லை.

வாடகை கொடுக்கப் போனபோது
தெய்வேந்திரம் காசை எண்ணாமல் கேட்டார்:
"உது இருக்கோ?"

"இருக்கிறா" எண்டேன்.