மானி வாசிப்பாளர்

ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு.
என் பதவிப் பெயரிலேயே வாசிப்பு இருக்கிறது,
வாசிப்பது இலக்கங்களை.
மற்றதெல்லாம் மதியம், பாசையூர்ச் சந்தைக்குப் பின்னால்
சைக்கிளைச் சாத்திவிட்டு.

அந்தப் புத்தகம் பஸ் நிலையத்தடியில்
பழைய ஓ.எல். வினாத்தாள்களோடு கிடந்தது. ஐம்பது ரூபாய்.
சீமெந்துப் பைத் தாளில் உறை.
ஒன்பது கதைகள். இரண்டாவதில்
காங்கேசன்துறை ஆலையில் மூட்டை சுமப்பவன்
தன் இருமலை எண்ணிக்கொண்டே வீடு வருகிறான்.
பதினேழில் கதை நிற்கிறது.
எழுதியவர் இ. பறுனாந்து.
பின்னட்டையில் படமில்லை. தொழில்: கூலி.

நூலகத்தில் கேட்டேன், பட்டியலில் இல்லை.
கம்பஸில் தமிழ் படிக்கும் மச்சான்
"நல்லா எழுதினவரெண்டால் தெரிஞ்சிருக்குமே" என்றான்.

மார்ச்சில் எனக்குப் புதிய பகுதி தந்தார்கள்.
வலை காயும் ஒழுங்கை,
நாற்பத்தோராவது கணக்கு:
இ. பறுனாந்து.
நாய் குரைத்தது.
மானியின் கண்ணாடிக்குள் எறும்புகள்.
முப்பத்தொரு யூனிட்.

"மாமாவோ? அவர் செத்துப் பதினொரு வருஷம்.
கதையோ? கொப்பியில ஏதோ கிறுக்குவார்.
அதுகள் ஒழுக்குக்கு வைச்சு ஊறிப் போச்சு."
படலை வரை வந்து கேட்டா:
"தம்பி, பில்லில பேரை மாத்த என்ன குடுக்க வேணும்?"

மரணச் சான்றிதழ், உறுதிப் பிரதி, கிராம சேவகர் கடிதம்.
எனக்கு மனப்பாடம்.
"விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா" என்றேன்.

நாலு மாதமாகிறது.
மாதம் ஒருமுறை என் கையிலுள்ள இயந்திரம்
அவர் பெயரை அச்சடிக்கிறது.
கிழித்து, மடிக்காமல்,
படலையில் செருகிவிட்டுப் போகிறேன்.