சுண்ணாம்பு சேர்க்கும் பிரிவு

சோஹாரில் கடல்
குழாய்க்குள் நுழைந்து எங்கள் ஆலைக்கு வருகிறது,
கலங்கலாய், பாசியும் ஜெல்லிமீனும் இழுத்துக்கொண்டு.
கொதித்து ஆவியாகிக் குளிர்ந்து
மறுமுனையில் சொட்டும்போது
கடலின் ஞாபகம்கூட அதில் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு மாதிரி எடுப்பது என் வேலை.
கருவியை முக்கினால்
பத்துக்கும் கீழே ஓர் எண்.
ஆண்டவரே, இப்படி என்னையும்
என்று அந்த எண்ணிடம் நின்று கேட்டிருக்கிறேன்
ஏழு வருஷமாய்.

கேட்டது மட்டுமா?
கேம்ப்பில் பதினாலாம் நம்பர் அறையில்
என் தட்டு தனி.
டம்ளரின் அடியில் சிவப்புப் பெயிண்டில் சின்னச் சிலுவை.
சீட்டுக்கட்டு வெளியே வந்தால்
படிக்கட்டில் போய் உட்காருவேன்.
காதில் இயர்போன் இருக்கும், அதில் ஒன்றும் ஓடாது.
அவர்கள் பாட்டு உள்ளே வராமலிருக்க.

போன லீவில் கிறிஸ்டில்டா சொன்னாள்:
"கோயில்ல இருக்க மாதிரியே வீட்டுலயும் இருக்கீங்க.
சிரிச்சா குறைஞ்சா போயிருவீங்க?"
அதையும் சோதனைகளின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆராதனையில்
எல்லாம் உமக்கே என்று கையுயர்த்துவேன்.
பத்தில் ஒன்று காணிக்கை உறைக்குள்.
மிச்சம் வீட்டுக்கடன், சீட்டு, ஜெரினுடைய ஃபீஸ்.
எந்த உறைக்குள்ளும் போகாத ஒன்று இருந்தது.
அதற்கு ரியாலில் விலை தெரியவில்லை.

தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்,
இவ்வளவு சுத்தமாய் எடுத்துவிட்டு
எதற்கு மறுபடி சுண்ணாம்பைக் கலக்கிறீர்கள்,
செலவு மிச்சமாகுமே என்று.
இஞ்சினியர் ஷம்ஸா தாளிலிருந்து தலை நிமிரவில்லை:
"இது பசியோடு இருக்கிற தண்ணீர்.
அப்படியே விட்டால் குழாயைத் தின்னும்.
ஊர்போய்ச் சேரும்போது துருதான் சேரும்."
பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கிய பதில்.
அன்றைக்கு ஏனோ
தேதி எழுதும் கட்டத்தில் பேனா நின்றது.

அந்த வாரமே கலையரசனின் அப்பா இறந்தார்.
லீவு கிடைக்கவில்லை.
ஷிஃப்ட் முடிந்து வருகிறேன்,
குளியலறை வாசலில் கிடக்கிறான்,
வாந்தியும் சாராய நெடியும்.
தண்ணி, என்றான். அண்ணே, என்றான்.
அவன் டம்ளரைத் தேடினேன்.
உண்மையாகவே தேடினேன்,
கட்டிலுக்கடியில் குனிந்துகூட.
என் டம்ளர் ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தது
சிவப்பு அடையாளம் மேலே தெரிய.

இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.
பல் விளிம்பில் மோதி மோதிச் சத்தம் வந்தது.
சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டேன்,
ஆராதனைக்கென்று தேய்த்து வைத்தது அருகில் இருந்தது,
அதைப் போட்டுவிட்டேன்.
தோள் இடறியது. அவனுக்கு அப்பாவின் தோளாம் அது,
தூக்கத்தில் சொன்னான்.

பிறகு டம்ளரைக் கழுவினேன்.
சோப்பு போட்டு, இரண்டு தடவை.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று இரவு மாதிரிக் குடுவையில்
மீந்ததை வாயில் விட்டுப் பார்த்தேன்.
விதிப்படி கூடாது.
நாக்கில் ஒன்றுமே படவில்லை,
குடித்தேனா என்றே தெரியவில்லை.
கடலும் ஆகாது, இதுவும் ஆகாது.

ஊரில் விடிந்திருக்கும்.
ஃபோனில் கிறிஸ்டில்டா பதறினாள்,
என்ன, இந்நேரத்துக்கு, உடம்புக்கு ஏதாவதா?
ஒண்ணுமில்ல, சும்மாதான் என்றேன்.
சிரிக்கவும் செய்தேன்.
சரியாக வரவில்லை.
லைன் சரியில்லையோ என்றாள்.